துணை ஒப்பந்தக்காரர்

கட்டி முடியும் நிலையில் உள்ள ஒரு வீட்டிற்குள் நுழைந்து பார்ப்போம். ஓர் அறையில் தரைக்குக் கல் பதிக்கிறார்கள். அடுத்த அறையில் மின்கம்பி இழுக்கிறார்கள். மாடியில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை நடக்கிறது. வெளிச்சுவரில் சாரம் கட்டி ஏறி நின்று இருவர் வண்ணம் பூசுகின்றனர். வீட்டுக்கு உரியவரை அணுகி, “இவர்களையெல்லாம் நீங்கள்தாம் அமர்த்தினீர்களா?” என்று கேட்டால், இல்லை என்றே சொல்வார். அவர் பேசி முடித்துக் கையெழுத்திட்டது ஒரே ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடந்தான்.

அந்த ஒப்பந்தக்காரரைக் கேட்டாலோ, மின்கம்பி இழுப்போர் தம்முடைய ஆட்கள் அல்லர் என்பார். மின்வேலை முழுவதையும் இவ்வளவு தொகைக்கு என்று பேசி ஒருவரிடம் அவர் ஒப்படைத்திருக்கிறார். அவர் தம் ஆட்களைக் கொண்டு அதைச் செய்கிறார். குழாய் வேலைக்கு ஒருவர், கல் பதிப்பதற்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர் என இவ்வாறே ஏற்பாடு. ஒரு வேலையை முழுவதும் முடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டவர், அதில் ஒரு பகுதியைச் செய்து தரும்படி வேறொருவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமே துணை ஒப்பந்தம். அப்பகுதியை ஏற்பவர் துணை ஒப்பந்தக்காரர். பேச்சு வழக்கில் ‘சப் காண்டிராக்டர்’ என்று இவரை அழைக்கிறோம்.

இந்த வீட்டில் மூன்று தரப்பார் இருக்கின்றனர்: வீட்டுக்காரர், முதன்மை ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர். வீட்டுக்காரருக்கும் முதன்மை ஒப்பந்தக்காரருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் உண்டு. முதன்மை ஒப்பந்தக்காரருக்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் இடையில் மற்றோர் ஒப்பந்தம் உண்டு. ஆனால் வீட்டுக்காரருக்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் குழாய்க்காரரை நாள்தோறும் காண்கிறார், அவரோடு பேசுகிறார், சில வேளைகளில் தேநீரும் வாங்கித் தருகிறார். ஆயினும் சட்டத்தின் கண்ணில் பொதுவாக இருவரும் அயலார். துணை ஒப்பந்த முறையின் நன்மைகளும் தீமைகளும் பெரும்பாலும் இந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கின்றன. ஆதலால் இதனை மனத்தில் பதித்துக்கொண்டு மேலே செல்வோம்.

நம்மிடம் ஒப்படைத்த வேலையை நாம் இன்னொருவரிடம் ஒப்படைக்கலாமா என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 40-ஆம் பிரிவில் இருக்கிறது. வாக்களித்தவரே தம் கையால் செய்ய வேண்டும் என்பது இரு தரப்பாரின் கருத்தாக இருந்தால், அவரேதான் செய்ய வேண்டும். அவ்வாறு இல்லாதபோது, தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தி அவர் செய்விக்கலாம். இதை விளக்க அச்சட்டமே ஓர் ஓவியரை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. படம் வரைந்து தருவதாக ஓர் ஓவியர் ஒப்புக்கொண்டால் அவரே வரைய வேண்டும். மாணவனை வரையச் சொல்லி அனுப்பிவிட முடியாது. ஏனெனில் படத்தை விரும்பியவர் நாடியது அந்த ஓவியரின் கையை. வீட்டுக்குக் குழாய் பொருத்துவது அத்தகையதன்று. குழாய் ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதே அங்கு நோக்கம்; யார் கை பொருத்தியது என்பது பொருட்டில்லை. பெரும்பாலான தொழில்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவேதான் துணை ஒப்பந்தத்துக்குத் தொழில் உலகில் இத்துணை இடம் கிடைத்தது.

சட்டம் வேலையைக் கைமாற்ற இடம் தருகிறதே அன்றி, வாக்கைக் கைவிட இடம் தரவில்லை. வீடு குடிபுகுந்த மறு வாரத்திலேயே குழாய் ஒழுகினால், வீட்டுக்காரர் முதன்மை ஒப்பந்தக்காரரைத்தான் கேட்பார். “அது குழாய்க்காரர் செய்த பிழை” என்று கூறி அவர் விலகிக்கொள்ள முடியாது. முதலில் வீட்டுக்காரருக்கு அவர் ஈடு செய்ய வேண்டும். பிறகு தமக்கும் குழாய்க்காரருக்கும் உள்ள ஒப்பந்தத்தின்படி அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை கீழே இறங்கிச் செல்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை மேலேயே தங்குகிறது.

துணை ஒப்பந்தக்காரரை வேறு இருவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் கூலியாள், மற்றொருவர் சரக்கு விற்பவர். கூலியாள் தம் நேரத்தைத் தருகிறார். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை முதலாளி சொல்கிறார். அன்றைய கூலி அன்றைக்கு உண்டு. துணை ஒப்பந்தக்காரர் தருவது முடிந்த வேலையை. தம் கருவிகளைத் தாமே கொண்டு வருகிறார். தம் ஆட்களுக்குத் தாமே கூலி தருகிறார். வேலையில் ஆதாயம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அவருடையது. இனி, சரக்கு விற்பவரோ எல்லார்க்கும் பொதுவாகச் செய்துவைத்த பொருளை விற்கிறார். சிமென்ட் விற்கும் கடைக்காரர் துணை ஒப்பந்தக்காரர் ஆகார். இந்த வீட்டின் அளவுக்கென்றே சன்னல் கம்பிக் கூண்டு செய்து வந்து பொருத்துகிறவர் துணை ஒப்பந்தக்காரர் ஆவார்.

வீடு கட்டுவதில் இம்முறை எளிதில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் இதன் முழு வடிவத்தைக் காண வேண்டுமானால் திருப்பூருக்குச் செல்ல வேண்டும். அங்கு ஒரு நகரம் முழுவதுமே துணை ஒப்பந்தத்தால் பின்னப்பட்டிருக்கிறது எனலாம். வெளிநாட்டு வணிக நிறுவனம் ஒன்று இத்தனை ஆயிரம் பனியன் சட்டைகள் இன்ன தேதிக்குள் வேண்டும் என்று ஓர் ஏற்றுமதியாளரிடம் கேட்கிறது. அவர் ஒப்புக்கொள்கிறார். அதன்பின் அந்தச் சட்டை எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

முதலில் நூற்பாலையிலிருந்து நூல் வருகிறது. அது பின்னலாடைத் துணி நெய்யும் ‘நிட்டிங்’ கூடத்துக்குப் போகிறது. அங்கே வட்டமாகச் சுழலும் பொறிகள் நூலைக் குழாய் வடிவான துணியாகப் பின்னுகின்றன. கூலி கிலோக் கணக்கில். பின்னிய துணி சாயப்பட்டறைக்குச் செல்கிறது. அங்கேயும் கிலோக் கணக்கில்தான் கூலி. சாயம் ஏறிய துணி உலர்ந்தபின் ‘காம்பாக்டிங்’ என்னும் வேலைக்குப் போகிறது. துவைத்தால் சுருங்காதபடி துணியை முன்னதாகவே நெருக்கி அளவாக்குவது அவ்வேலை. பிறகு வெட்டுதல்; வெட்டிய துண்டின்மேல் படம் அச்சிடுதல் அல்லது பூவேலை செய்தல்; அதன்பின் தையல். தையற்கூடங்களை அங்கே ‘பவர் டேபிள்’ என்பார்கள். மின்விசையால் ஓடும் தையற்பொறிகள் மேசையில் வரிசையாக அமைந்திருப்பதால் வந்த பெயர் அது. அங்குக் கூலி உருப்படிக் கணக்கில். இறுதியாகப் பிசிறு வெட்டி, குறை பார்த்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள்.

இவற்றுள் எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் வைத்திருக்கும் பெரிய ஆலைகளும் உண்டு. ஆனால் பல ஏற்றுமதியாளர்களிடம் வெட்டுதல், தைத்தல், பெட்டியில் அடுக்குதல் ஆகியவை மட்டுமே சொந்தமாக இருக்கும். மற்றவை வெளியே கூலிக்குப் போகின்றன. நூலும் துணியும் அனுப்பியவருடைய உடைமையாகவே இருக்கின்றன. பட்டறைக்காரருக்கு உரியது அதன்மேல் செய்த வேலைக்கான கூலி மட்டுமே. 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரிச் சட்டமும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூலி வேலைக்காக அனுப்பும் மூலப்பொருள் ஓராண்டுக்குள் வேலை முடிந்து திரும்பினால், அதை அனுப்பியதற்காக வரி செலுத்த வேண்டியதில்லை. அனுப்பியதை விற்பனையாகச் சட்டம் கருதாமையே இதற்குக் காரணம்.

ஏன் இவ்வளவு கைகள்? ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் என்ன? இதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, தேர்ச்சி. சாயம் ஏற்றுவது ஒரு தனிக் கலை. நீரின் தன்மை, வெப்பம், உப்பின் அளவு ஆகியவற்றில் சிறிது பிசகினாலும் இன்றைய நீலம் நேற்றைய நீலத்தோடு ஒத்துவராது. நாள் முழுவதும் அதையே செய்கிறவர்க்கு வரும் கைத்திறன், பத்து வேலைகளில் ஒன்றாக அதைச் செய்கிறவர்க்கு வராது.

இரண்டாவது, பொறிகளின் பயன். பூவேலைப் பொறி விலை மிக்கது. ஓர் ஏற்றுமதியாளருக்கு ஆண்டில் இரண்டு மாதமே பூவேலை இருக்கலாம். அவர் பொறியை வாங்கினால் மீதிப் பத்து மாதம் அது தூங்கும். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தூங்காது. பூவேலைக்காரர் ஒருவர் அதே பொறியை வாங்கி ஆறு ஏற்றுமதியாளர்களுக்கு வேலை செய்து கொடுத்தால், பொறியும் ஓயாது; அறுவரும் முதல் போட வேண்டியதில்லை.

மூன்றாவது, ஏற்ற இறக்கம். துணி வணிகத்துக்குப் பருவம் உண்டு. ஒரு மாதம் இரவும் பகலும் வேலை. மறு மாதம் பொறிகள் சும்மா நிற்கும். உச்ச காலத்துக்குத் தக்கபடி ஆலை கட்டினால் மந்த காலத்தில் அது பெருஞ்சுமை. மிகுதியான வேலையை வெளியே கொடுப்பதால் நிறுவனம் தன் சொந்த அளவை மாற்றாமலே விரியவும் சுருங்கவும் முடிகிறது. கப்பலேற வேண்டிய நாள் நெருங்கும்போது இது பேருதவி. குறித்த கப்பல் போய்விட்டால், சரக்கைத் தம் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்து, ஆதாயம் முழுவதும் வானத்தில் கரைந்துவிடும் என்பதை ஏற்றுமதியாளர் எவரும் அறிவர்.

நான்காவது காரணம் நாட்டு நலனைச் சார்ந்தது. பெரிய ஆலை தொடங்கப் பெருமுதல் வேண்டும். நான்கு தையற்பொறிகள் வாங்கிக் கூலிக்குத் தைக்கத் தொடங்குவதற்கு அவ்வளவு தேவையில்லை. நேற்று வரை தையற்பொறியின் முன் அமர்ந்திருந்த ஒருவர், தொழிலின் நுணுக்கங்களைக் கற்று, நம்பிக்கையைச் சம்பாதித்து, இன்று சிறுகூடத்துக்கு உரியவராக முடிகிறது. தொழிலாளி முதலாளியாவதற்கு ஏறிச் செல்லத்தக்க படிக்கட்டு ஒன்று அங்கே இருக்கிறது. துணை ஒப்பந்த முறை இல்லையேல் அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியே இராது.

நல்ல துணை ஒப்பந்த உறவு ஒரு தொழிலுக்கு எவ்வளவு வலிமை தரும் என்பதற்கு ஜப்பான் நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. டொயோட்டா நிறுவனம் தன் மோட்டார் வண்டிகளுக்கான உறுப்புகளில் பெரும்பகுதியைப் பிற நிறுவனங்களிடம் செய்து வாங்குகிறது. அவ்வுறுப்புகளை முன்கூட்டி வாங்கிக் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவே வரவழைக்கும். பிரேக்கின் அழுத்தத்தைப் பின்சக்கரங்களுக்கு அளவாகப் பகிர்ந்தனுப்பும் சிறு வால்வு ஒன்று உண்டு. டொயோட்டாவுக்கு வேண்டிய அவ்வால்வுகளில் ஏறக்குறைய அனைத்தையும் ஐசின் செய்க்கி என்ற ஒரே நிறுவனம் கரியா நகரில் செய்து வந்தது. 1997 பிப்ரவரி 1-ஆம் நாள் அதிகாலையில் அந்தத் தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு வால்வு இல்லாமையால் சில நாள்களுக்குள் ஜப்பானிலிருந்த டொயோட்டாவின் தொழிற்சாலைகள் ஏறத்தாழ முழுவதும் நின்றன.

அதன்பின் நடந்ததே நாம் கருதத்தக்கது. ஐசின் தன் வால்வின் வரைபடங்களைப் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ அறுபது நிறுவனங்கள் அதைச் செய்ய முன்வந்தன. அவற்றுள் பல, வால்வு செய்து பழகியவை அல்ல. தையற்பொறிக்குப் பெயர்பெற்ற பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. விலை என்ன, இழப்பை யார் ஏற்பது என்ற பேச்செல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வண்டிகள் மீண்டும் உருண்டோடின. பல்லாண்டு நேர்மையாகப் பழகியவர்கள் என்பதால், கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. ஒரே ஒருவரை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும், நம்பிக்கை கொண்ட பலரைச் சுற்றிலும் பெற்றிருப்பதன் பயனையும் அந்த ஒரு வாரம் ஒருங்கே காட்டிற்று.

இதுவரை நன்மையைக் கண்டோம். துணை ஒப்பந்த முறையின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும்.

முதல் துன்பம் பணத்தில் தொடங்குகிறது. துணை ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார். பணம் உடனே வருவதில்லை. “மேலிருந்து எனக்கு வந்ததும் உமக்குத் தருகிறேன்” என்கிறார் முதன்மை ஒப்பந்தக்காரர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய பூவேலைக்கூடம் ஒன்றில் வாரக் கூலி 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்த வேலைக்குப் பணம் 90 நாள் கழித்து வருமானால், ஏறத்தாழ 13 வாரக் கூலியை, அஃதாவது 5,20,000 ரூபாயை, அவர் தம் கையிலிருந்து முன்னதாகப் போட வேண்டும். கையில் இல்லையேல் வட்டிக்கு வாங்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் கூலிக்குக் காத்து நிற்பவரிடம், கடல் கடந்த வணிகர் இன்னும் பணம் அனுப்பவில்லை என்று சொல்ல இயலுமா? உண்மையில் இங்கே சிறியவர் பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்.

பெரியவர் ஒருவர் வீழ்ந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து கண்டது. காரிலியன் என்பது அந்நாட்டின் மிகப் பெரிய கட்டட நிறுவனங்களுள் ஒன்று. மருத்துவமனைகள், சாலைகள் எனப் பல அரசுப் பணிகளை ஏற்றிருந்தது. தன்னிடம் வேலை செய்தவர்களுக்குப் பணம் தர 120 நாள் வரை அது தவணை வைத்திருந்தது. 2018 ஜனவரி 15-ஆம் நாள் அது நொடித்துப் போயிற்று. சரக்கு அளித்தோரும் துணை ஒப்பந்தக்காரருமாக ஏறத்தாழ 30,000 பேருக்கு அது தர வேண்டியிருந்த தொகை சுமார் 200 கோடி பவுன். மருத்துவமனைச் சுவரை எழுப்பியவர்கள் அரசாங்கத்திடம் சென்று கேட்க முடியவில்லை. அவர்களுடைய ஒப்பந்தம் அரசாங்கத்தோடு செய்ததன்று. சட்டத்தின் கண்ணில் இருவரும் அயலார் என்று தொடக்கத்தில் கண்டோமே, அதன் முழுப் பொருள் இத்தகைய நாளில்தான் விளங்கும்.

இரண்டாம் துன்பம், அடுக்குகள் பெருகுவது. துணை ஒப்பந்தக்காரர் தம் வேலையை இன்னொருவரிடமும், அவர் மற்றொருவரிடமும் கொடுக்கக்கூடும். 100 ரூபாய்க்குப் பேசிய வேலையை ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்கைத் தமக்கென எடுத்துக்கொண்டு கீழே தள்ளுவதாகக் கொள்வோம். முதற்கையில் 90 ஆகும். அடுத்த கையில் 81. அதற்கடுத்ததில் 72 ரூபாய் 90 காசு. உண்மையில் வேலை செய்கிறவர், 100 ரூபாய் வேலையை 72 ரூபாய் 90 காசில் முடிக்க வேண்டும். எப்படி முடிப்பார்? சிமென்டைக் குறைப்பார், அல்லது கூலியைக் குறைப்பார், அல்லது சாரத்தில் நிற்பவருக்கு இடுப்புக் கயிறு வாங்காமல் விடுவார். இடையில் இருந்தவர் ஏதேனும் ஒரு திறனையோ கருவியையோ பொறுப்பையோ சேர்த்திருந்தால், அவர் எடுத்த பங்குக்கு நியாயம் உண்டு. வெறுங்கையால் வாங்கி வெறுங்கையால் கொடுத்திருந்தால், அவர் எடுத்தது அடியில் நிற்பவரின் பாதுகாப்பிலிருந்து எடுத்ததே.

மூன்றாவதும் கொடியதுமான துன்பம், பொறுப்பு எங்கேயும் தங்காமல் நழுவிப் போவது. வங்காள தேசத்தின் தலைநகரான டாக்காவுக்கு அருகில் சாவர் என்ற ஊர் உண்டு. அங்கே ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் பல தையல் ஆலைகள் இருந்தன. அவை மேனாட்டு வணிக நிறுவனங்களுக்காகத் தைத்துக் கொடுத்தன. 2013 ஏப்ரல் 23-ஆம் நாள் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளரோ மறுநாட் காலையில் வேலைக்கு அழைக்கப்பட்டனர். 24-ஆம் நாள் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் ஆடைகள் அங்கே தைக்கப்பட்டது தமக்கே தெரியாது என்று பின்னர்க் கூறிய நிறுவனங்களும் உண்டு; ஆயினும் இடிபாடுகளுக்கிடையே அவற்றின் பெயர்ச் சீட்டுகள் கிடந்தன. இத்தனை கைமாறி வந்த வேலையில், வெடிப்புக் கண்ட சுவரைப் பற்றிப் பதில் சொல்லும் கடமை மட்டும் எவர் கையிலும் இல்லாமற் போயிற்று.

நம் நாட்டு ஆறு ஒன்றும் இப்பாடத்தைக் கற்பித்திருக்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல். திருப்பூரின் சாயக்கழிவு நீர் பல்லாண்டு அதில் கலந்தது. உழவர்க்குப் பாசனம் தரக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கிற்று. அணையைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே வேண்டும் நிலை வந்தது. இதற்குப் பொறுப்பு யாருடையது? சாயப்பட்டறைக்காரர் பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயம் ஏற்றியவர். அவருக்குக் கிடைத்த கூலியில் நீரைத் தூய்மை செய்யும் செலவு போதிய அளவு சேரவில்லை. துணியைக் கொடுத்தவரோ, சாயம் தம் வேலையன்று என்றிருந்தார். கடைசியில் அந்தச் செலவை ஏற்றவர்கள், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத நொய்யற்கரை உழவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு ஆணையிட்டது. பட்டறைகள் மூடிய மறுநாளே பின்னலும் தையலும் தத்தளித்தன. சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் தனியே கெடுவதில்லை என்பதை நகரம் முழுவதும் உணர்ந்தது. நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் செலவும் அதன்பின் தொழிலின் கணக்குக்குள் வர வேண்டியதாயிற்று.

இக்குறைகளைக் களையச் சட்டம் என்ன செய்திருக்கிறது? அது பல நாடுகளில் ஒரே திசையில் நடந்திருக்கிறது: வேலை கீழே போனாலும் கடமையை மேலே பிடித்து நிறுத்துவது. இந்தியாவில் 1970-இல் இயற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஒப்பந்தக்காரர் தம் தொழிலாளர்க்குக் கூலி தராவிட்டாலும் குறைத்துத் தந்தாலும், முதன்மையாக வேலையளித்தவரே அதைத் தந்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய பணிப்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய சட்டத் தொகுப்பிலும் இக்கொள்கை இடம்பெற்றது.

கூலி தொழிலாளியைப் பற்றியது. பட்டறைக்காரருக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றி 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் பேசுகிறது. குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் தர வேண்டிய தொகையை, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. இருவரும் ஒத்துக்கொண்டு நீண்ட தவணை எழுதினாலும் அது செல்லாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் முதலோடு சேர்த்துக் கணக்கிட்டுத் தர வேண்டும். முன்னர்ப் போட்ட கணக்கில், 90 நாள் 45 ஆகக் குறைந்தால் அந்தப் பூவேலைக்காரர் முன்னதாகப் போட வேண்டிய பணமும் பாதியாகும். ஆயினும் மறுமுறை வேலை கிடைக்காமற் போகுமோ என்ற அச்சத்தால், உரிமை இருந்தும் கேளாதிருப்பவர் பலர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மேனாடுகளும் இத்திசையில் நகர்ந்துள்ளன. ராணா பிளாசா வீழ்ந்த அடுத்த மாதமே, ஆடை நிறுவனங்கள் பலவும் தொழிற்சங்கங்களும் கூடி, கட்டடப் பாதுகாப்பைச் சோதித்துச் சீர்செய்யச் சட்ட வலிமையுள்ள உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. 2017-இல் பிரான்சு நாடு, தன் மிகப் பெரிய நிறுவனங்கள் தம் துணை ஒப்பந்தக்காரரிடத்தும் தொழிலாளர் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஊறு நேராமல் கண்காணிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. “எனக்குத் தெரியாது” என்பது விடையாகாது. தெரிந்துகொள்வதே கடமை என்பது இவற்றின் உட்கருத்து.

சட்டம் ஒருபுறம் இருக்க, துணை ஒப்பந்தம் நல்லமுறையில் நடக்க இருதரப்பாரும் செய்ய வேண்டியவை சில உண்டு. வேலை இன்னது, அளவு இன்னது, தரம் இன்னது, முடியும் நாள் இன்னது, பணம் தரும் நாள் இன்னது என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். இடையில் வேலை மாறினால் அந்த மாற்றத்தையும் விலையையும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் முளைக்கின்றன. வேலையை மேலும் கீழே கொடுக்கலாமா கூடாதா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். துணை ஒப்பந்தக்காரர் ஒரே ஒருவரை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களில் வேலை பெறுவது அவருக்குக் காப்பு. அவ்வாறே, இன்றியமையாத வேலைக்கு ஒருவரை மட்டும் நம்பாதிருப்பது முதன்மை ஒப்பந்தக்காரருக்குக் காப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஆளைத் தேர்வதில் கவனம் வேண்டும். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்பது ஓர் அதிகாரம். அதை அடுத்து வருவது ‘தெரிந்து வினையாடல்’. தகுதியுள்ளவரை ஆராய்ந்து தேர்வது ஒரு வேலை. தேர்ந்தவரிடம் பணியை ஒப்படைத்து நடத்துவது அதனின் வேறான மற்றொரு வேலை. வள்ளுவர் இரண்டையும் தனித்தனி அதிகாரங்களாகவே வகுத்தார். விலை குறைவு என்பதை மட்டும் கண்டு தேர்ந்து, தேர்ந்தபின் திரும்பிப் பாராதிருப்பவர், இரண்டு வேலைகளையும் செய்யாதவர் ஆவார்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் பெரிய நிறுவனங்களில் அமர்ந்து வேலைகளைப் பகிர்ந்து கொடுப்பீர்கள். சிலர் சிறு கூடம் வைத்து அவ்வேலைகளை ஏற்பீர்கள். முன்னவர் ஆவீராயின், கொடுத்த வேலை எந்தக் கூரையின் கீழ், எத்தகைய கையால் நடக்கிறது என்று சென்று பாருங்கள். முடிந்த வேலைக்குக் குறித்த நாளில் பணம் கொடுங்கள். பின்னவர் ஆவீராயின், உங்கள் கீழ் வேலை செய்பவருக்கு நீங்களே முதன்மை ஒப்பந்தக்காரர் என்பதை மறவாதீர்கள். உங்களுக்கு மேலே உள்ளவரிடம் நீங்கள் எந்த நீதியை எதிர்பார்க்கிறீர்களோ, அதே நீதியை உங்களிடம் எதிர்பார்த்துச் சனிக்கிழமை மாலையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.